கஷாயம் காய்ச்சிய லிடியா அம்மையார்

1875-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கிழக்குக் கரையில், பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் லின் என்று ஓர் ஊர். செருப்புத் தொழிலுக்குப் பேர் பெற்ற ஊர். அங்கே ஒரு சிறிய வீட்டின் வாசலில் சில பெண்கள் வந்து நின்றார்கள்.

அவர்கள் சேலத்திலிருந்து வந்தவர்கள். நம் மாம்பழச் சேலம் அல்ல. அமெரிக்காவிலும் சேலம் என்று ஓர் ஊர் உண்டு. லின் நகரிலிருந்து ஐந்து மைல்தான்.

அந்த வீட்டில் இருந்த அம்மாளுக்கு வயது ஐம்பத்தாறு. பெண்களுக்கு வரும் உடல் தொல்லைகளுக்கு அவர் ஒரு கஷாயம் காய்ச்சுவார். அக்கம்பக்கத்தாருக்குக் காசு வாங்காமல் கொடுப்பார். அதைக் கேள்விப்பட்டுத்தான் வெளியூர்ப் பெண்கள் தேடி வந்தார்கள். இனாமாக வாங்கிப் போக அவர்களுக்கு விருப்பம் இல்லை. விலை சொல்லுங்கள் என்று கேட்டார்கள்.

அம்மாள் தயங்கினார். ஆனால் வீட்டில் கையில் பணம் இல்லை. கணவர் தொழிலில் நொடித்துப் போய்ப் படுத்திருந்தார். கடன்காரர்கள் நெருக்கிக் கொண்டிருந்தார்கள். ஆறு சீசாக் கஷாயத்தைக் கொடுத்தார். ஐந்து டாலர் வாங்கினார்.

அந்த ஐந்து டாலரில் தொடங்கிய வியாபாரம், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே ஆண்டில் 38 லட்சம் டாலருக்கு விற்றது. அந்த அம்மாளின் முகம் அமெரிக்கா முழுவதும் தெரிந்த முகமாயிற்று. அவர்தான் லிடியா பிங்காம் அம்மையார்.

அடிமைகளுக்காக எழுந்த குடும்பம்

லிடியா 1819-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி லின் நகரில் பிறந்தார். தந்தை வில்லியம் எஸ்டஸ். தாய் ரெபெக்கா. பன்னிரண்டு குழந்தைகளில் லிடியா பத்தாவது.

குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம் அது. ஆடம்பரம் கூடாது, சண்டை கூடாது, மனிதனை மனிதன் அடிமையாக வைத்திருப்பது பாவம் என்று நம்பியவர்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் நீக்ரோ மக்களை ஆடுமாடுகள் போல விலைக்கு விற்றார்கள். அதை ஒழிக்க வேண்டும் என்று பாடுபட்டவர்கள் எஸ்டஸ் வீட்டுக்கு வந்து போவார்கள். அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, பெரும் பேச்சாளராக உயர்ந்த பிரெடரிக் டக்ளஸ் அந்த ஊரில்தான் சில ஆண்டுகள் குடியிருந்தார். லிடியாவின் குடும்பத்துக்கு அவர் நண்பர்.

லிடியா நன்றாகப் படித்தார். பள்ளி ஆசிரியை ஆனார். அடிமை ஒழிப்புக்காகப் பெண்கள் நடத்திய சங்கத்தில் இளவயதிலேயே சேர்ந்தார். கூச்சம் இல்லாமல் பொதுக் காரியங்களில் ஈடுபட்டார். பெண் வாய் திறந்தால் குற்றம் என்றிருந்த காலத்தில் இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தது பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தது.

1843-இல் அவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் ஐசக் பிங்காம். மனைவியை இழந்தவர். முதல் தாரத்துக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. ஐசக் நல்லவர். ஆனால் ஒரு தொழிலில் நிலைக்க மாட்டார். இன்று ஒரு தொழில், நாளை ஒரு தொழில். கடைசியில் நிலம் வாங்கி விற்பதில் இறங்கினார். இன்று வாங்கினால் நாளை இரட்டிப்பாகும் என்ற கனவில் கடன் வாங்கி வாங்கி நிலத்தில் போட்டார்.

லிடியாவுக்கு ஐந்து குழந்தைகள் பிறந்தன. ஒன்று சிறு வயதிலேயே இறந்தது. சார்லஸ், டான், வில் என்று மூன்று பையன்களும் அரோலின் என்று ஒரு பெண்ணும் தங்கினார்கள்.

டாக்டர் என்றால் பயம்

அந்தக் காலத்து வீடுகளில் கைமருந்து தெரியாத தாய் கிடையாது. நம் வீடுகளில் சுக்கு, மிளகு, ஓமம் இருப்பது போல அங்கேயும் வேரும் விதையும் இருக்கும். லிடியா ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். எந்த நோய்க்கு எந்த வேர், எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும் என்று அதில் எழுதி வைப்பார். ஜான் கிங் என்ற மருத்துவர் எழுதிய பெரிய மூலிகை நூலும் அவரிடம் இருந்தது.

பெண்கள் ஏன் டாக்டரிடம் போகாமல் லிடியாவிடம் வந்தார்கள்? அதற்குக் காரணம் இருந்தது.

பெண்களுக்கு நாற்பத்தைந்து வயதிலிருந்து ஐம்பத்தைந்து வயதுக்குள் மாதவிடாய் நின்று போகிறது. இது நோய் அல்ல. பருவம் அடைவது போல இதுவும் ஒரு பருவம். சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு நீர் குறைவதால் இது நிகழ்கிறது. ஆனால் பல பெண்களை இது பாடாய்ப்படுத்தி விடும். திடீரென்று நெஞ்சிலிருந்து முகத்துக்குச் சூடு ஏறும். குப்பென்று வியர்க்கும். நடு இரவில் உடை நனைந்து விழிப்பு வரும். நெஞ்சு படபடக்கும். காரணம் இல்லாமல் அழுகை வரும், கோபம் வரும். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று பிள்ளைகள் திகைப்பார்கள். சிலருக்கு இது சில மாதங்களில் தீரும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

சுரப்பு நீர்களைப் பற்றி அந்தக் காலத்து டாக்டர்களுக்கு ஒன்றும் தெரியாது. அட்டையை விட்டு இரத்தம் எடுப்பார்கள். பாதரசம் கலந்த மருந்து கொடுப்பார்கள். 1872-இல் ஜார்ஜியா மாநிலத்தில் பேட்டி என்ற டாக்டர், மாதவிடாய்த் தொல்லைகளுக்காக ஒரு பெண்ணின் சினைப்பைகளையே அறுத்து எடுத்தார். பிறகு பல டாக்டர்கள் இதைப் பின்பற்றினார்கள். கிருமிகளைப் பற்றி அப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது. கத்தி பட்ட பெண்களில் பலர் உயிரோடு எழுந்திருக்கவில்லை.

டாக்டர்களில் பெண்களும் மிகக் குறைவு. அமெரிக்காவில் முதன்முதலாக ஒரு பெண் டாக்டர் பட்டம் பெற்றதே 1849-இல்தான். அந்நிய ஆணிடம் இந்த விஷயத்தைச் சொல்லப் பெண்களுக்கு நாக்கு எழவில்லை. அண்டை வீட்டு அம்மாளிடம் அடுப்படியில் உட்கார்ந்து சொல்லலாம். அவரும் அந்த வயதைத் தாண்டியவர்தானே.

சீசாவில் இருந்தது என்ன?

கஷாயத்தின் செய்முறை லிடியாவுக்கு எப்படிக் கிடைத்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. டாட் என்ற இயந்திரத் தொழிலாளிக்காக ஐசக் 25 டாலர் கடனுக்குப் பொறுப்பேற்றாராம். டாட் பணத்தைக் கட்டவில்லை. பணத்துக்குப் பதிலாக ஒரு மருந்துக் குறிப்பைக் கொடுத்தாராம். ஐசக் கொடுத்து ஏமாந்த கணக்குகளில் இலாபமாக முடிந்தது இது ஒன்றுதான் போலும்.

அந்தக் குறிப்பில் ஐந்து சரக்குகள். யூனிகார்ன் வேர், லைப் ரூட் என்ற வேர், பிளாக் கோஹோஷ் என்ற கறுப்பு வேர், புளூரிசி வேர் என்ற நான்கும் அமெரிக்கக் காடுகளிலும் வெளிகளிலும் வளர்பவை. இவற்றில் பலவற்றை அந்த நாட்டுப் பழங்குடி மக்கள் வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே மருந்தாகப் பயன்படுத்தி வந்தார்கள். புளூரிசி வேர்ச் செடி நம் எருக்கஞ்செடிக்குத் தூரத்துச் சொந்தம்.

ஐந்தாவது சரக்கு என்ன தெரியுமா? நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயம்! எடையில் அதுதான் மிகுதி. பிற்காலத்தில் அச்சில் வந்த கணக்குப்படி வெந்தயம் சுமார் 340 கிராம். யூனிகார்ன் வேர் சுமார் 225 கிராம். மற்ற மூன்றும் ஒவ்வொன்றும் 170 கிராம். எல்லாம் சேர்த்து ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இந்த ஒரு கிலோவைக் கொண்டு 47 லிட்டர் மருந்து செய்தார்கள். எவ்வளவு நீர்த்த மருந்து என்று பார்த்துக் கொள்ளலாம்.

இன்னொரு பொருளும் அதில் சேர்ந்தது. அது சாராயம். நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு. மருந்து கெடாமல் இருக்கவும், வேரின் சத்து இறங்கவும் சாராயம் வேண்டும் என்று பிங்காம் குடும்பத்தார் விளக்கம் சொன்னார்கள். இது முழுப் பொய்யும் அல்ல. ஆனால் லிடியா மதுவிலக்கை ஆதரித்தவர். குடிக்கு எதிராகப் பேசிய வீட்டிலிருந்து சாராயம் கலந்த மருந்து ஊர் ஊராகப் போனது வேடிக்கைதான்.

வீடு கவிழ்ந்தது

1873-இல் அமெரிக்காவில் பெரிய பண நெருக்கடி வந்தது. பெயர் பெற்ற வங்கிகள் மூடப்பட்டன. ஆலைகள் நின்றன. நிலத்தின் விலை அதல பாதாளத்துக்குப் போயிற்று. ஐசக் பிங்காமின் கனவும் அதோடு போயிற்று. கடனுக்காக அவரைக் கைது செய்ய ஆட்கள் வந்தபோது அவர் எழுந்து நிற்கவும் முடியாமல் படுக்கையில் கிடந்தாராம். அதன் பிறகு அவர் பழைய மனிதர் ஆகவே இல்லை.

பெரிய வீடு போயிற்று. சிறிய வீட்டுக்குக் குடி வந்தார்கள். டான் வைத்திருந்த மளிகைக் கடையும் முழுகியது. அரோலின் பள்ளி ஆசிரியை. அவள் சம்பளம் குடும்பத்துக்குப் பெரிய ஆதரவு.

அந்தச் சமயத்தில்தான் சேலத்துப் பெண்கள் வந்து ஐந்து டாலர் கொடுத்தார்கள். டான் துள்ளி எழுந்தான். இனாமாகக் கொடுத்ததை இனி விலைக்கு விற்கலாமே என்று யோசனை சொன்னான். குடும்பமே களத்தில் இறங்கியது.

லிடியா நிலவறையில் இருந்த அடுப்பில் மருந்தைக் காய்ச்சினார். வடிகட்டிச் சீசாக்களில் ஊற்றினார். பெண்களுக்கு ஒரு வழிகாட்டி என்று நான்கு பக்கத்தில் ஒரு துண்டுப் பிரசுரமும் எழுதினார். நோயாளி ஐசக் கூட நாற்காலியில் உட்கார்ந்து பிரசுரங்களை மடித்துக் கட்டினார். ஒரு சீசா ஒரு டாலர். ஆறு சீசா ஐந்து டாலர். தொழில் வில்லின் பெயரில் நடந்தது. 1876-இல் சீசாவின் மேல் ஒட்டும் சீட்டைப் பதிவு செய்தார்கள். மருந்துக்கு லிடியா பிங்காமின் மூலிகைக் கலவை என்று பெயர்.

பையன்களின் உழைப்பு

டான் மூட்டையைத் தூக்கிக் கொண்டு நியூயார்க் பக்கம் போனான். புரூக்ளின் தெருக்களில் வீடு வீடாகப் பிரசுரம் போட்டான். நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது. வீட்டுக்குக் கடிதம் எழுதிப் பணம் கேட்பான். வீட்டிலும் பணம் இருக்காது. ஒரு தோழி இன்னொரு தோழிக்கு எழுதியது போலச் சீட்டு எழுதி, பூங்காவில் கை தவறி விழுந்தது போலப் போட்டு வைப்பானாம். யார் எடுத்தாலும் படிப்பார்கள் அல்லவா? கெட்டிக்காரப் பையன்தான். ஆனால் இந்தக் கெட்டிக்காரத்தனம் பின்னால் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் பார்க்கத்தான் போகிறோம்.

ஒருமுறை வில் பாஸ்டன் நகரில் ஒரு மொத்த வியாபாரியிடமிருந்து அறுபது டாலர் வாங்கினான். நேராக பாஸ்டன் ஹெரால்டு பத்திரிகை அலுவலகத்துக்குப் போனான். தாயார் எழுதிய பிரசுரத்தை முதல் பக்கத்தில் போடச் சொல்லி அத்தனை பணத்தையும் கட்டி விட்டான். வீட்டுக்கு வந்து சொன்னதும் எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். ஆனால் விளம்பரம் வந்த உடனே மருந்துக்கடைகளிலிருந்து சீசா கேட்டு ஆர்டர் வந்தது. அன்று முதல் வரும் பணத்தில் பெரும்பகுதி விளம்பரத்துக்கே போயிற்று.

1879-இல் இன்னொரு மாறுதல் நடந்தது. லிடியாவின் முகத்தையே விளம்பரத்தில் போட்டார்கள். நரைத்த தலை. கறுப்புப் பட்டு உடை. கழுத்தில் வெள்ளைச் சரிகைத் துணி. அமைதியான பார்வை. யாருக்கும் சொந்தப் பாட்டி போலத் தோன்றும் முகம். அந்தப் படம் வந்ததும் விற்பனை பொங்கி எழுந்தது. சின்ன ஊர்ப் பத்திரிகைகளிடம் இருந்த ஒரே பெண் பட அச்சு லிடியாவினுடையதுதான் என்றும், விக்டோரியா மகாராணியைப் பற்றிய செய்திக்கும் அதையே போட்டுவிட்டார்கள் என்றும் ஒரு வேடிக்கைக் கதை உண்டு.

கடிதங்கள்

மருந்தைவிட முக்கியமான ஒன்றை லிடியா செய்தார். எனக்கு எழுதுங்கள் என்று பெண்களை அழைத்தார். உங்கள் கடிதத்தை எந்த ஆணும் பார்க்க மாட்டான், பெண்களே பதில் எழுதுவார்கள் என்று உறுதி கூறினார்.

கடிதங்கள் குவிந்தன. பண்ணைக் குடிசையிலிருந்தும் ஆலைத் தெருவிலிருந்தும் பெண்கள் எழுதினார்கள். கணவனிடமும் சொல்லாததை, தாயிடமும் கேட்காததை முகம் தெரியாத இந்த அம்மையாருக்கு எழுதினார்கள். லிடியா உட்கார்ந்து பதில் எழுதினார். மருந்தைச் சாப்பிடச் சொன்னார் என்பது உண்மைதான். ஆனால் அதோடு நிற்கவில்லை. வெளிக்காற்றில் நட என்றார். உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள் என்றார். எளிய உணவைச் சாப்பிடு என்றார்.

பெண் உடம்பு எப்படி அமைந்திருக்கிறது, மாதவிடாய் ஏன் வருகிறது, அது நிற்கும் வயதில் என்ன நேரும் என்றெல்லாம் தெளிவான நடையில் அச்சிட்டுக் கொடுத்தார். அந்தக் காலத்தில் இதை அச்சில் பார்ப்பதே அபூர்வம். தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்து கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு, இது எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான் என்று தெரிந்தால் பாதிப் பாரம் குறைந்திருக்கும் அல்லவா?

ஆனால் ஒரு குறையை மறைக்கக்கூடாது. சீசாவின் சீட்டில் பெரிய பெரிய வாக்குறுதிகள் இருந்தன. மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லைக்கு ஏற்றது என்று போட்டதோடு, கருப்பையில் வளரும் கட்டிகளையும் கரைக்கும் என்று போட்டிருந்தார்கள். கட்டியை இந்தக் கஷாயம் கரைக்காது. அதை நம்பி நாளைக் கடத்திய பெண்கள் எத்தனை பேரோ!

துக்கம் தொடர்ந்தது

செல்வம் வந்த நேரத்தில் வீட்டில் சாவும் வந்தது. அலைந்து அலைந்து வேலை செய்த டானுக்குக் காசநோய். 1881 அக்டோபரில் இறந்தான். வயது முப்பத்திரண்டு. இரண்டு மாதத்தில் தம்பி வில்லும் அதே நோயில் போய்விட்டான். ஊராருக்கெல்லாம் மருந்து காய்ச்சிய தாயார் இரண்டு பிள்ளைகளையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு நின்றார்.

1882 டிசம்பரில் லிடியா அம்மையாருக்குப் பக்கவாதம் வந்தது. 1883-ஆம் ஆண்டு மே 17-ஆம் தேதி காலமானார். லின் நகரத்துப் பைன் குரோவ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

இறந்தவர் எழுதிய கடிதம்

அம்மையார் இறந்தார். விளம்பரத்தில் இருந்த முகம் இறக்கவில்லை. சார்லஸ் தொழிலை ஏற்று நடத்தினார். பிங்காம் அம்மையாருக்கு எழுதுங்கள் என்ற அழைப்பு பத்திரிகைகளில் தொடர்ந்து வந்தது. பெண்களும் எழுதிக் கொண்டே இருந்தார்கள். பதிலும் போய்க் கொண்டே இருந்தது. படத்தில் இருக்கும் பாட்டிதான் எழுதுகிறார் என்று அவர்கள் நம்பினார்கள். கம்பெனியில் சம்பளத்துக்கு அமர்ந்த பெண்கள் எழுதுகிறார்கள் என்று எப்படித் தெரியும்? பூங்காவில் டான் போட்ட சீட்டு இப்படி வளர்ந்து நின்றது.

1905-இல் இது வெளிப்பட்டது. லேடீஸ் ஹோம் ஜர்னல் என்ற பெண்கள் பத்திரிகைக்கு எட்வர்டு போக் ஆசிரியர். பொய் மருந்துகளை எதிர்த்துப் போராடியவர். கம்பெனியின் விளம்பரம் ஒன்றையும், லிடியாவின் கல்லறைக் கல்லின் புகைப்படத்தையும் அவர் பத்திரிகை சேர்த்து வெளியிட்டது. விளம்பரத்தில் அம்மையார் மருந்துக்கூடத்தில் வேலை செய்து கொண்டிருந்தார். கல்லறைக் கல்லிலோ இறந்த ஆண்டு 1883 என்று வெட்டியிருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பெண்கள் இறந்தவருக்கு இரகசியம் சொல்லிக் கொண்டிருந்தார்கள்! பிங்காம் அம்மையார் என்று நாங்கள் சொன்னது மருமகளைத்தான் என்று கம்பெனி சமாதானம் சொல்லிப் பார்த்தது.

மறு ஆண்டு 1906-இல் அமெரிக்க அரசாங்கம் உணவுக்கும் மருந்துக்கும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மருந்தில் எவ்வளவு சாராயம் இருக்கிறது என்று சீசாவிலேயே அச்சிட வேண்டும் என்றது. அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது தாங்கள் குடித்தது என்ன என்று. பிறகு சாராயத்தைக் குறைத்தார்கள். மூலிகையைக் கூட்டினார்கள். சீட்டில் இருந்த வாக்குறுதிகளும் ஒவ்வொன்றாகச் சுருங்கின.

இவ்வளவு நடந்தும் விற்பனை விழவில்லை. 1925-இல்தான் அது உச்சத்துக்குப் போயிற்று. 1968-இல் குடும்பத்தார் கம்பெனியை விற்றார்கள். லின் தொழிற்சாலை 1973-இல் மூடப்பட்டது.

மருந்து வேலை செய்ததா?

கஷாயம் குடித்த பெண்களில் பலர் குணம் கண்டதாகச் சொன்னார்கள். அவர்கள் எல்லோரும் பொய் சொன்னார்களா? இல்லை. உடம்புச் சூடு நாளடைவில் தானாகவே தணியும் இயல்புடையது. மருந்து என்று சொல்லி மருந்தே இல்லாத மாத்திரையைக் கொடுத்தாலும் கணிசமான பெண்களுக்குத் தொல்லை குறைவதை இன்றைய ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

லிடியாவின் சரக்குகளில் இன்றும் கடைகளில் அதிகம் விற்பது பிளாக் கோஹோஷ் என்ற கறுப்பு வேர். அமெரிக்காவில் 45 வயதிலிருந்து 55 வயது வரை உள்ள 351 பெண்களை ஓர் ஆண்டு வைத்துச் சோதித்தார்கள். சிலருக்கு இந்த வேர். சிலருக்கு வேறு மூலிகைகளோடு சேர்த்து இந்த வேர். சிலருக்கு ஹார்மோன் மருந்து. சிலருக்கு வெறும் மாத்திரை. 2006-இல் முடிவு வெளியாயிற்று. வேர் சாப்பிட்டவர்களுக்கும் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் உடம்புச் சூட்டில் வேற்றுமை இல்லை. ஹார்மோன் மருந்துதான் நன்றாகக் குறைத்தது. 2012-இல் இதைப் பற்றிய 16 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும், வேர் பலன் தருகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றே கண்டார்கள்.

மூலிகைதானே, என்ன கெடுதல் வரும் என்று நினைப்பதும் சரியல்ல. கறுப்பு வேர் சாப்பிட்ட சிலருக்கு ஈரல் கெட்டதாகச் செய்திகள் உண்டு. அது அபூர்வம்தான். லைப் ரூட்டில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சே இருக்கிறது. லிடியாவுக்கு இது தெரியாது. ஐந்தில் பயம் இல்லாதது, சமையலில் சேர்க்கிற அளவில், நம் வெந்தயம்தான்.

ஹார்மோன் மருந்தும் எல்லோருக்கும் ஏற்றதல்ல. மார்பில் புற்றுநோய் வந்தவர்களுக்கும், இரத்தக் கட்டு வந்தவர்களுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்று ஓர் ஆண்டு ஆன பிறகு மறுபடி இரத்தம் பட்டால், ஒரு துளியானாலும், கைமருந்து பார்த்துக் கொண்டிராமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

லிடியா காசு வாங்காமல் கடிதத்தில் சொன்ன யோசனைகள் அவர் காசுக்கு விற்ற கஷாயத்தைவிட நீடித்து நின்றன. நடை, காற்று, எளிய உணவு எல்லாம் இந்த வயதுக்கு வேண்டும் என்று இன்றைய டாக்டர்களும் சொல்கிறார்கள். மனத்தைப் பழக்கும் பேச்சு முறைச் சிகிச்சையால் சூடும் தூக்கமின்மையும் தரும் வேதனை குறைவதாகவும் கண்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர் அரோலின். வறுமைக் காலத்தில் ஆசிரியைச் சம்பளத்தைக் குடும்பத்துக்குக் கொடுத்தவர். 1922-இல் அவர் தாயார் பெயரால் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு மருத்துவ நிலையம் கட்டினார். அதைக் கட்டிய இடம் லின் அல்ல. ஐந்து டாலர் கொடுத்து ஆறு சீசா வாங்கிப் போன பெண்களின் ஊரான அந்தச் சேலத்தில்தான் கட்டினார்.